ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ

கதவு மூடினால் வட்டம் சுற்றத் தொடங்கும்.
இதயத்தின் இடது மேலறையில்
ரத்தம் அப்படியே நிற்கும்.
கோயம்புத்தூர் டீச்சர் வாயைத் திறந்தபடி
"ஆகவே பிள்ளைகளே" சொல்ல வந்து
'ஆக'வோடு உறைந்திருப்பார்.

வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டரின் ஒரே லிஃப்டில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்
திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு.
வயது இருபத்தேழு. பேர் ஜெயக்கனி.
கூப்பிடுவதென்னவோ 'எம்மா லிஃப்டு'.

கீழ்த்தளத்தில் ரத்தமும் சிறுநீரும்.
ஒன்றில் வயிறு. இரண்டில் எலும்பு, நெஞ்சுக்கூடு.
மூன்றில் எக்கோ. அதற்கு மேலே தண்ணீர் டேங்க்.
கட்டினவர் பாடப்புத்தகம் பார்த்திருக்க மாட்டார்.
செரிமான மண்டலம் பாதியில் நிற்க
யாராவது இருமிக்கொண்டே ஏறுவார்கள்.

சிறுகுடல் ஆறு மீட்டர் என்றார் டீச்சர்.
மனசுக்குள் அளந்து பார்த்தேன்:
இங்கிருந்து எக்ஸ்ரே மாடி வரை.
அத்தனையும் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டுதான்
வள்ளியூர்க்காரர் வெறும் வயிற்றோடு வந்து
"பசிக்கி" என்கிறார், மணி எட்டரைகூட ஆகவில்லை.
ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு
முட்டுது முட்டுது என்று
காலைப் பின்னி நிற்கும் மானூர் அக்காவிடம்
சிறுநீர்ப்பையின் கொள்ளளவை நான் சொல்லவில்லை.
இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

தமனி என்றால் நல்ல ரத்தம்.
நுரையீரல் தமனி மட்டும் விதிவிலக்கு.
விதிவிலக்கு கட்டாயம் கேட்பான், அடிக்கோடு போடுங்க
என்பார் டீச்சர், சிக்னல் இருந்தால்.

நேற்று களக்காட்டிலிருந்து ஒருத்தர்.
ஏத்தன் தார் சுமந்து சுமந்து
வலது தோள் மட்டும் தழும்பேறி இறங்கியிருந்தது.
பேர் கவரில் இருந்தது: கோமதிநாயகம், 41.
மூன்றிலிருந்து இறங்கும்போது
கவரை என் மடியில் வைத்தார்.
"படிக்கிற பிள்ளைதான நீ,
என்ன போட்டிருக்கானுவன்னு பாத்துச் சொல்லுத்தா."

எல்லாம் இங்கிலீஷ்.
ஈரிதழ் வால்வு என்று நான் எழுதிப் பழகியது
அங்கே மைட்ரல் என்று கிடந்தது.
பக்கத்துச் சொல் சிவியர்.
அதற்கு டீச்சர் வேண்டியதில்லை.

ஒரு மாடி இறங்க ஏழு செகண்டு.
எனக்கு இதயம் வரையத் தெரியும்.
நாலு அறை, சிவப்பு அம்புக்குறி, நீல அம்புக்குறி,
பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண்.
அம்புக்குறி போன வழியே திரும்பி வந்தால்
அதை எந்தக் கலரில் வரைவது?

"டாக்டர் சொல்லுவாவ" என்றேன்.
"அப்ப ஒண்ணுமில்ல" என்றார் சிரித்து.

இரண்டில் ஏழு பேர் ஏறப் பார்த்தார்கள்.
பலகையைக் காட்டி ஒருத்தரை இறக்கினேன்.
கிளம்பும்போது லிஃப்ட் வழக்கம்போல் குலுங்க
அவர் தடுமாற, நான் கையைப் பிடித்தேன்.
விரல் தானாகவே
கட்டைவிரல் பக்கத்துப் பள்ளத்தில் போய் நின்றது.

எழுபத்திரண்டு என்பது பாடம்.
இது ஓடியது, நின்றது,
எதையோ மறந்தாற்போல் யோசித்தது,
திரும்ப ஓடியது.
ஒன்றாம் தளம் தாண்டியும் எண்ணினேன்.
கூட நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

கதவு திறந்தது. சிக்னல் வந்தது.
"வே பிள்ளைகளே," என்றார் டீச்சர் என் மடியில்,
"வால்வு எதற்கு? ரத்தம்
வந்த வழியே திரும்பிவிடாமல் இருக்க."

"நல்லா சொல்லுதாவ" என்று
கவரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

ஸ்டூலை விட்டு எழுந்தேன்.
ஒரு காலை வெளியே வைத்து, முதுகால் கதவைத் தடுத்து,
"அண்ணாச்சி, களக்காட்டு பஸ்ஸுல ஏறிராதிய.
ஆட்டோ பிடிச்சி ஹைகிரவுண்டுக்குப் போயிருங்க.
இன்னைக்கே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
படிக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இல்லை.

மேலே யாரோ
பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.